லயத்து வாசலில் ஐந்து ஸ்ட்ரோபெரிச் செடிகள்

(நுவரெலியா மாவட்ட மாதர் அணிக் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், சேமலாப நிதி, காணி உறுதி என்று பேசுகிற மேடையில் ஸ்ட்ரோபெரிக்கு என்ன வேலை என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது எங்களுக்கும் கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டவர்களே நீங்கள்தான். போன கூட்டத்தில் நாலு டிவிஷனிலிருந்து வந்த மாதர் தலைவிகள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஸ்ட்ரோபெரி போட்டால் காசு வருமாமே, கடனுக்குக் கன்று கொடுக்கிறார்களாமே, எடுக்கலாமா?"

கன்றை எடுக்கலாம், கடனை எடுக்க வேண்டாம். இதுதான் எங்கள் பதில். ஏன் அப்படிச் சொல்கிறோம், கடன் இல்லாமல் எப்படிச் செய்வது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு பெண்கள் குழுக்கடன் எடுத்து ஆளுக்கு இருநூறு கன்று, கறுப்புப் பொலித்தீன், தண்ணீர்க் குழாய் எல்லாம் ஒரே ஆளிடம் வாங்கினார்கள். பழம் முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாக அந்த ஆள் சொல்லியிருந்தார். கன்று கொடுத்தது பெப்ரவரி மாதம். பூவும் காயும் தள்ளியது தென்மேற்கு மழைக்குள். பாதிப் பழம் சாம்பல் பூத்து அழுகியது. மீதியை வாங்க வருவதாகச் சொன்ன வண்டி வரவில்லை. தவணை கேட்டு வந்த மோட்டார் சைக்கிள் மட்டும் வாரம் தவறாமல் வந்தது. அந்தக் கடனைக் கட்ட நகை அடகுக்குப் போன வீடுகள் உண்டு. அது செடியின் குற்றம் அல்ல. அந்தப் பெண்கள் கையில் பயிரும் பழகவில்லை, சந்தையும் இல்லை. அதற்குள்ளே கடன் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆகவே ஐந்து செடியோடு தொடங்குங்கள். ஐந்தே ஐந்து. இந்தப் பயிரின் பெரிய குணம் என்னவென்றால், அது தன் பிள்ளையைத் தானே பெற்றுத் தரும். கன்று விற்கிற ஆளிடம் இரண்டாவது தடவை போக வேண்டிய தேவையே இல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

இந்தப் பயிர் எல்லாத் தோட்டத்துக்கும் ஏற்றது அல்ல என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத் தோழர்கள் இந்தப் பத்திரிகையை வாசிப்பார்கள். உங்கள் சூட்டுக்கு இது வேண்டாம். பகலில் பதினைந்து முதல் இருபத்தைந்து பாகை, இரவில் நல்ல குளிர், இதுதான் ஸ்ட்ரோபெரிக்குப் பிடித்த காலநிலை. நுவரெலியா, இராகலை, தலவாக்கலை, வெலிமடை, பண்டாரவளை போன்ற இடங்கள் சரி. குளிருக்குக் கம்பளி தேடுகிற ஊராக இருந்தால் செடி நிற்கும்.

இனி இடம். லயத்து வாசலிலோ கொல்லையிலோ ஒரு நாளில் ஆறு மணித்தியாலமாவது வெயில் படுகிற மூலையைப் பாருங்கள். சவுக்கு மர நிழலுக்குக் கீழே வைத்தால் இலைதான் மிஞ்சும். அடுத்து, உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், கத்தரி போட்ட பாத்தியில் இதை நடாதீர்கள். அந்தப் பயிர்களில் வரும் வாடல் நோய்ப் பங்கசு ஒன்று மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். அது ஸ்ட்ரோபெரியையும் பிடிக்கும். நுவரெலியாப் பக்கத்தில் உருளைக்கிழங்கு போடாத மண் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அதனால்தான் பைகளில் வைப்பது நல்லது என்கிறோம். கழுவிய உரபேக்கைப் பாதியாக மடித்துக்கொண்டால் போதும். பழைய வாளி, தகரம், பெயின்ட் டின் எதுவும் சரி. வேர் ஆழமாகப் போகாது, ஆறேழு அங்குல மண் போதும். ஆனால் அடியில் துளை கட்டாயம் வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிச் செடி ஒரே கிழமையில் செத்துப்போகும். இன்னொன்று, புல் மருந்தும் பூச்சி மருந்தும் வந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் இதற்குப் பாவிக்காதீர்கள். இந்தப் பழத்துக்கு உரித்து எறியத் தோல் கிடையாது. மண்ணிலும் இலையிலும் பட்டது எல்லாம் பிள்ளையின் வாய்க்குத்தான் போகும்.

மண்ணைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயம் உண்டு. தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் ஸ்ட்ரோபெரிக்குக் கொஞ்சம் அதிகம். தேயிலை பி.எச். 4.5 முதல் 5.5 வரை நன்றாக வளரும். ஸ்ட்ரோபெரி 5.5 முதல் 6.5 வரை கேட்கும். தேயிலை மலையிலிருந்து அள்ளிய மண்ணாக இருந்தால் மூன்றடிக்கு ஆறடிப் பாத்திக்கு நாலு கைப்பிடி டொலமைட் தூவி, மண்ணைக் கிளறி, ஒரு மாதம் ஆறப்போடுங்கள். தேயிலைக் காட்டுக்குப் போடுகிற அதே டொலமைட்தான். பிறகு மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய மாட்டெரு, ஒரு பங்கு தும்புச்சோறு அல்லது மக்கிய இலை சேருங்கள். பச்சைக் கோழி எரு வேண்டாம், வேரைச் சுட்டுவிடும். யூரியாவைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை நிற்காது. யூரியா கூடினால் இலை செழிக்கும், பழம் குறையும், நோயும் பூச்சியும் சேரும். 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தபோது மரக்கறிப் பாத்திகள் பட்ட பாட்டைக் கண்டவர்கள் நாம். உரமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இந்தச் சின்னப் பாத்திக்கு வீட்டுக் குப்பையில் செய்த கொம்போஸ்டும் மாட்டெருவும் போதும் என்றுதான் சொல்கிறோம்.

நடுகிறபோது ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். செடியின் நடுவில் குருத்து விடுகிற கட்டையான கழுத்து ஒன்று இருக்கும். அது மண் மட்டத்தில் நிற்க வேண்டும். புதைந்தால் அழுகும், வெளியே தூக்கி நின்றால் வேர் காயும். நட்ட செடி பல சாவது இந்தக் காரணத்தால்தான். செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விடுங்கள். பாத்தி என்றால் அரையடி உயர்த்தி, ஓரத்தில் தண்ணீர் ஓடக் கான் வெட்டுங்கள். மேலே மூடாக்காக மானாப்புல்லோ பைன் மரத்துச் சருகோ போடலாம். கறுப்புப் பொலித்தீன்தான் வேண்டும் என்பதில்லை. பழம் மண்ணில் படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த மாதத்தில் நடுவது? நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பரிலோ நட்டால், மழை குறைகிற ஜனவரி முதல் ஏப்ரல் வரை பழம் வரும். ஏப்ரல் சீசனுக்கு ஊர் பார்க்க வருகிறவர்கள் வாங்கவும் செய்வார்கள். ஊவாப் பக்கத்துச் சகோதரிகளுக்கு மழைக்காலம் வேறு. உங்களுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டும். பூக்கிற காலம் அதற்குள் மாட்டாமல் பார்த்து நடுங்கள். மேலே சொன்ன தோட்டத்தில் பெப்ரவரியில் கன்று கொடுத்த ஆளுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

நட்ட முதல் ஐந்து ஆறு கிழமைக்கு வருகிற பூவைக் கிள்ளிவிடுங்கள். மனது வராதுதான். இளம் தேயிலையை உடனே கொழுந்தெடுக்க விடாமல் படர்த்துகிறோமே, அதே கணக்கு. செடி முதலில் வேரைப் பிடிக்கட்டும். அதன் பிறகு வருகிற பூ பழமாக ஒரு மாதம் செல்லும், குளிர் கூடினால் இன்னும் ஒரு கிழமை ஆகும். தண்ணீரைக் காலையில், வேரடியில் ஊற்றுங்கள். இலை நனைய மாலையில் ஊற்றுவது நோயைக் கூப்பிட்டு விருந்து வைப்பது மாதிரி. பீலியில் முகம் கழுவிவிட்டு வரும்போது ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்தால் ஒரு செடிக்குச் சரி.

பூவைப் பற்றி ஒரு சின்னக் கதை சொல்கிறோம், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். இன்று நாம் சாப்பிடுகிற பெரிய ஸ்ட்ரோபெரி காட்டிலிருந்து வந்தது அல்ல. 1714இல் பிரேசியே என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து செடிகளைக் கப்பலில் கொண்டுபோனார். வழியில் தண்ணீர்த் தட்டுப்பாடு. கரை சேர்ந்தபோது உயிரோடு இருந்தவை ஐந்து செடிகள். அவையும் பெண் செடிகள், பூத்தன, காய்க்கவில்லை. வட அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு வகையைப் பக்கத்தில் நட்ட பிறகுதான் காய்த்தன. அந்த இரண்டின் கலப்பில் பிறந்ததுதான் இந்தப் பழம். இப்போது கிடைக்கிற செடியில் ஆண், பெண் இரண்டும் ஒரே பூவில் இருக்கும், துணை வேண்டாம். ஆனால் மகரந்தம் பூ முழுவதும் பட வேண்டும். பழத்தின் மேலே புள்ளி புள்ளியாக இருக்கிறதே, அந்த ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கருக்கட்ட வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனால் பழம் கோணலாகும். தேனீ வருகிற நேரத்தில் மருந்தடிக்காதீர்கள். பொலித்தீன் கூரைக்குள் வைத்திருப்பவர்கள் காலை பத்து மணி போல ஒரு கோழி இறகால் பூவைச் சும்மா தடவிவிட்டால் போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். செடி நன்றாகப் பிடித்த பிறகு பக்கவாட்டில் நீளமாகக் கொடி விடும். அந்தக் கொடியின் கணுவில் சின்னக் கன்று ஒன்று முளைக்கும், அதைத் தாண்டி இன்னொன்று. ஒரு யோகட் கப்பில் துளை போட்டு, மண் நிரப்பி, கொடியை அறுக்காமல் அந்தக் கன்றை அதன் மேல் உட்கார வையுங்கள். ஈர்க்கை வளைத்துக் குத்தி அசையாமல் பிடியுங்கள். மூன்று நாலு கிழமையில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்துப் பாருங்கள், வராவிட்டால் தாயிடமிருந்து அறுக்கலாம். ஒரு கொடியில் முதல் இரண்டு கன்றுதான் பலமானவை. மற்றதை வெட்டிவிடுங்கள். ஒரு தாய்ச் செடியிலிருந்து மூன்று கன்று எடுத்தாலே ஐந்து செடி இருபதாகிறது. அடுத்த முறை அந்த இருபதிலும் மூன்று மூன்று எடுத்தால் எண்பது. ஒரு சதம் கொடுக்காமல், ஒரு கையெழுத்து வைக்காமல்.

பழத்துக்கு விடுகிற செடியிலும் கன்றுக்கு விடுகிற செடியிலும் ஒரே நேரத்தில் பேராசைப்படாதீர்கள். பழம் எடுக்கிற செடியில் கொடியை வெட்டுங்கள். கன்று எடுக்கிற செடியில் பூவைக் கிள்ளுங்கள். இலை சுருண்டு, குள்ளமாகி, மஞ்சள் விழுந்த செடியிலிருந்து கன்று எடுக்க வேண்டாம். வைரசு நோய் தாயிலிருந்து பிள்ளைக்கும் போகும். மூன்றாவது வருடத்தில் தாய்ச் செடி களைத்துப்போகும், அப்போது பிடுங்கிவிட்டுப் புதுக் கன்றை வேறு மண்ணில் வையுங்கள்.

எதிரிகள் யார்? மழைக்காலத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம். ஒரு பழத்தில் கண்டால் உடனே பறித்துத் தூரத்தில் புதையுங்கள், செடிக்கடியில் போடாதீர்கள். காய்ந்த இலையைக் கழித்து, காற்றோட்டம் விட்டு, மழைக்கு மேலே ஒரு பொலித்தீன் கட்டினால் பாதிக்கு மேல் தப்பலாம். நத்தையும் கூடில்லா நத்தையும் இரவில் வரும். டோர்ச் எடுத்துப் போய்க் கையால் பொறுக்குவதுதான் நிச்சயமான வழி. அடுப்புச் சாம்பலை வட்டமாகத் தூவலாம், மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும். வெயில் காலத்தில் இலைக்கு அடியில் சிவப்புச் சிலந்தி மாதிரி நுண்ணிய பூச்சி வரும். தேயிலையில் அதைப் பார்த்துப் பழகிய கண்தானே நமக்கு, இலை வெளிறும்போதே தெரிந்துவிடும். இலையின் அடிப்பக்கத்தைக் காலையில் தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். கொண்டைக்குருவிக்குப் பழைய நுளம்பு வலை. குரங்குக்கு? குரங்குக்கு எங்களிடமும் பதில் இல்லை, பிள்ளைகளையும் நாயையும் நம்ப வேண்டியதுதான். ஜனவரி, பெப்ரவரியில் பனி கொட்டுகிற இரவில் ஒரு சாக்கால் மூடிவிடுங்கள், காலை வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பனி பட்ட பூவின் நடு கறுத்துப்போகும், அது காய்க்காது.

அதற்கு மேல் சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குப் பேசுங்கள். தமிழில் பதில் தரும்படி கேளுங்கள். அது நம் உரிமை.

பறிப்பதில் ஒரு சொல். வாழைப்பழம் மாதிரி இது பறித்த பின் பழுக்காது. முழுதும் சிவந்த பிறகு, காலையில் பனி உலர்ந்ததும், பச்சைத் தொப்பியோடும் ஒரு துண்டு காம்போடும் நகத்தால் கிள்ளுங்கள். கொழுந்து கிள்ளிய விரலுக்கு இதை விட லேசான வேலை கிடையாது. விற்பதாக இருந்தால் கழுவ வேண்டாம், கழுவினால் மறுநாளே கெடும். ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிக்காதீர்கள்.

எவ்வளவு கிடைக்கும்? நன்றாகப் பார்த்த செடி ஒரு பருவத்தில் கால் கிலோ தந்தால் திருப்திப்படுங்கள். இருபது செடிக்கு ஐந்து கிலோ, அதுவும் ஒரே நாளில் அல்ல, மூன்று நாலு மாதத்தில் சிறுகச் சிறுக. இந்தக் கணக்கை வேண்டுமென்றே சொல்கிறோம். பாதைக் கடையிலோ ஹோட்டலிலோ விற்று வருகிற காசு பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் உதவும். சம்பளத்துக்கு ஈடாகாது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானதும் 2024இல் 1,350 ரூபாவானதும் யாரும் மனமிரங்கித் தந்தது அல்ல. வாசலில் இரண்டு செடி வைத்திருப்பதைக் காட்டி, "இவர்களுக்கு வேறு வருமானம் இருக்கிறது" என்று சம்பளப் பேச்சில் எவராவது வாய் திறந்தால் அந்த இடத்திலேயே மறுப்போம். கொழுந்துக் கூடையை இறக்கிய பிறகு, சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு பெண் செய்கிற வேலை இது. அதனால் வருகிற காசும் அவள் கையில்தான் இருக்க வேண்டும். இதை இங்கே உட்கார்ந்திருக்கிற ஆண் தோழர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். தண்ணீர் சுமக்கிற வேலையில் மட்டும் பங்கு கேளுங்கள்.

விற்பதற்கு முன் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். நூறு கிராம் ஸ்ட்ரோபெரியில் சுமார் 59 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது, தோடம்பழத்துக்குக் குறையாது. நம் பெண்களுக்கு இரத்தச்சோகை எவ்வளவு என்று கிளினிக்குக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விற்றமின் சி உதவும். சாப்பாட்டோடு குடிக்கிற சாயத் தேத்தண்ணி அதைத் தடுக்கும். நாம் பறிக்கிற தேயிலைதான், என்ன செய்ய, உண்மை அதுதான். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு நாலு பழம் வையுங்கள். இது இல்லாவிட்டால் கொய்யா, அதுவும் நல்லதுதான்.

கடைசியாக இடம் பற்றி. லயத்து வாசலையும் கொல்லையையும் நாலு தலைமுறையாக நாம்தான் கொத்திப் பயிரிட்டு வந்திருக்கிறோம். கையில் துண்டுக் கடதாசி இல்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் என்ற பேச்சு இன்னும் எல்லா லயத்து வாசலுக்கும் வந்து சேரவில்லை. தோட்டம் போட்டதற்காக எவரையாவது நிர்வாகம் எச்சரித்தால், செடியைப் பிடுங்கச் சொன்னால், தனியாக வாக்குவாதப்பட வேண்டாம். எந்த நாள், யார் சொன்னது என்று எழுதி வைத்துத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள், சங்கம் பேசும். அதே நேரம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டை வெட்டிப் பாத்தி போடாதீர்கள். கானை மறித்துப் பை அடுக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் எவரும் மறக்கவில்லை. தண்ணீர் போக வழி இல்லாத மேடு எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இடம் இல்லாதவர்கள் இஸ்தோப்பு ஓரத்தில் வெயில் படுகிற இடத்தில் ஐந்து டின் வையுங்கள்.

எங்கள் மாதர் அணி உறுப்பினர்கள் வளர்த்த தாய்ச் செடிகளில் இப்போது கொடி விட்டிருக்கிறது. ஆளுக்கு ஐந்து கன்று, காசு இல்லை. முதலில் பிள்ளைக் காம்பரா உள்ள டிவிஷன்களுக்குக் கொடுப்போம். ஒரே நிபந்தனை, அடுத்த வருடம் உங்கள் செடியிலிருந்து ஐந்து கன்று இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும். பெயரை மாதர் தலைவியிடம் கொடுங்கள். வரும்போது ஐந்து யோகட் கப் கழுவிக் கொண்டு வாருங்கள், துளை நாங்கள் போட்டுத் தருகிறோம்.